வானலைக்கு உரிமையாளர் யார்?

இலங்கையில் முறையான வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பில் ஆரம்பமானது. அன்று 'கொழும்பு வானொலி' எனப்பட்டது, 1949இல் 'ரேடியோ சிலோன்' என்ற அரச திணைக்களமாகியது. 1967 ஜனவரியில் அது கூட்டுத்தாபனமாக மாறியது. நாடு 1972இல் குடியரசான பின்னர் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற பெயர் வந்தது. கடல் கடந்து தமிழ்நாட்டில் உள்ளவர்களும் நேரம் பார்த்துக் காத்திருந்து கேட்ட வானொலி இது. பீ.எச். அப்துல் ஹமீத் அவர்களின் குரல் எங்கள் பெற்றோரின் தலைமுறைக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை நாம் எல்லோரும் வீடுகளில் கேட்டிருக்கிறோம்.

நமக்கு அந்த வானொலியோடு இன்னொரு உறவும் உண்டு. ரமழான் தலைப்பிறையைப் பார்க்க கொழும்பு பெரிய பள்ளிவாசலில் பிறைக் குழு கூடும் மாலையில் முஸ்லிம் சேவையின் அறிவித்தலுக்காக நாடு முழுவதும் நம் வீடுகள் காத்திருக்கும். கொட்டாஞ்சேனையில் எங்கள் உம்மும்மா இன்றும் அறிவித்தலை வானொலியில் கேட்டால்தான் நம்புவார். வெள்ளவத்தையில் சாச்சி வீட்டில் வானொலிப் பெட்டியே இல்லை. அங்கே அதே அறிவித்தல் கைத்தொலைபேசியில் வந்து சேரும். கருவி மாறினாலும் ஒரு கேள்வி மாறவில்லை. இந்தச் சேவைக்கு எத்தனை மணித்தியாலம் என்று முடிவெடுப்பது யார்? நாளைக்கு ஒருவர் அதைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ அவரிடம் "ஏன்?" என்று கேட்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது?

உயர்தரத்தில் அரசறிவியல் படிக்கும்போது 'சட்டத்துறை நிறைவேற்றுத்துறையைக் கண்காணிக்கும்' என்ற வசனத்தை மனனம் செய்கிறோம். அந்த ஒரு வரி நம் வீட்டு வானொலியிலும், அடையாள அட்டையிலும், கையிலுள்ள தொலைபேசியிலும் எப்படி வேலை செய்கிறது, எங்கே வேலை செய்யாமல் போகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமைச்சரின் கையில் உள்ள திறப்பு

இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. ரூபவாஹினிக் கூட்டுத்தாபனம் 1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. 'கூட்டுத்தாபனம்' என்ற சொல்லைக் கேட்டவுடன், அரசாங்கத்திலிருந்து சற்று விலகித் தன் காலில் நிற்கும் நிறுவனம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதன் பணிப்பாளர் சபையை நியமிப்பவர் விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சர். அதனால்தான் ஆட்சி மாறும்போதெல்லாம் அரச ஊடகங்களின் தலைவர்களும் மாறுகிறார்கள்.

இதைவிட வியப்பான ஒரு விடயம் உண்டு. 1990களில் தனியார் வானொலிகளும் தொலைக்காட்சிகளும் வந்தபோது அவற்றை ஒழுங்குபடுத்த வேறொரு சட்டம் இயற்றப்படவில்லை. வானொலிக்கான அனுமதிப்பத்திரம் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் 44ஆம் பிரிவின் கீழும், தொலைக்காட்சிக்கான அனுமதிப்பத்திரம் ரூபவாஹினிச் சட்டத்தின் 28ஆம் பிரிவின் கீழும் அமைச்சரால் வழங்கப்பட்டன. அரச வானொலியை நடத்த எழுதிய சட்டத்தின் ஒரு பிரிவே தனியார் வானொலிகளுக்கும் வாசற்கதவு ஆனது. அந்தக் கதவின் திறப்பு சுயாதீனமான ஒரு ஆணைக்குழுவிடம் இல்லை. அமைச்சரிடம் இருக்கிறது.

வானலை என்பது எல்லையற்றது அல்ல. ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் பேசினால் இரண்டுமே கேட்காது. ஆகவே யாருக்கு அலைவரிசை கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று எவராவது தீர்மானித்தே ஆக வேண்டும். அந்த எவராவது யார் என்பதில்தான் பிரச்சினை இருக்கிறது.

ஒரு நேயர் நீதிமன்றம் போன கதை

1995இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் 'முறைசாராக் கல்வி' நிகழ்ச்சி ஒன்று நடந்துவந்தது. நேயர்களும் தொலைபேசியில் பங்குபற்றிக் கருத்துச் சொல்லும் நிகழ்ச்சி அது. ஒருநாள் அது திடீரென்று நிறுத்தப்பட்டது. நிகழ்ச்சியில் வழக்கமாகப் பங்குபற்றிவந்த நேயர் ஒருவர், தன் அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றத்தை நாடினார். பெர்னாண்டோ எதிர் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று அறியப்படும் அந்த வழக்கின் தீர்ப்பை 1996இல் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ வழங்கினார்.

அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தை உறுதிப்படுத்துகிறது. சும்மா கேட்டுக்கொண்டிருப்பவருக்கும் அந்த உரிமை உண்டா என்பது வழக்கில் எழுந்த கேள்வி. நீதிமன்றம் இதில் கவனமாக நடந்தது. கேட்பது மட்டும் பேச்சுரிமைக்குள் அடங்காது, ஆனால் நிகழ்ச்சியில் பங்குபற்றும் நேயர் தன் கருத்தை வெளியிடுகிறார், தகுந்த காரணமின்றி நிகழ்ச்சியை நிறுத்தியது அவரது பேச்சுரிமையை மீறியது என்று தீர்ப்பளித்தது. அறிவிப்பாளரோ அரசியல்வாதியோ அல்லாத ஒரு சாதாரண நேயர் அரச வானொலியிடம் காரணம் கேட்டு வென்றார் என்பதால் இந்த வழக்கை நாம் அறிந்திருப்பது நல்லது.

1997: நிறுத்தப்பட்ட சட்டமூலம்

அடுத்த ஆண்டே இதைவிடப் பெரிய சோதனை வந்தது. 1997இல் அரசாங்கம் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. வானொலி, தொலைக்காட்சி அனுமதிப்பத்திரங்களை வழங்க ஓர் அதிகாரசபையை அமைப்பதே அதன் நோக்கம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதிகாரசபையின் உறுப்பினர்களை யார் நியமிப்பது, அவர்களுக்கு யார் பணிப்புரை வழங்குவது என்று பார்த்தபோது எல்லாப் பாதையும் மீண்டும் அமைச்சரிடமே போய் நின்றது.

இங்கே நம் அரசியலமைப்பின் ஒரு விசேட ஏற்பாட்டை விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு சட்டமூலம் முதலில் வர்த்தமானியில் பிரசுரமாகும். பின்னர் பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் சேர்க்கப்படும். அதிலிருந்து குறித்த சில நாட்களுக்குள் பிரஜை எவரும் 121ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்து, சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என்று வாதாடலாம். நீதிமன்றம் மூன்று வாரங்களுக்குள் தன் தீர்மானத்தை ஜனாதிபதிக்கும் சபாநாயகருக்கும் அறிவிக்க வேண்டும். அந்தக் காலம் தவறினால் தவறியதுதான். சட்டமூலம் நிறைவேறி சபாநாயகர் சான்றுப்படுத்திய பின்னர், அதன் செல்லுபடித் தன்மையை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்த முடியாது என்கிறது 80(3)ஆம் உறுப்புரை. பல நாடுகளில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்து பல வருடங்கள் கழித்தும் அதை நீதிமன்றம் இரத்துச் செய்யலாம். நம் நாட்டில் கதவு ஒரு தடவைதான் திறக்கும்.

1997இல் அந்தக் கதவு திறந்திருந்த வேளையில் பலர் மனுச் செய்தார்கள். மே மாதம் நீதிமன்றம் தன் தீர்மானத்தை அறிவித்தது. அலைவரிசைகள் மட்டுப்படுத்தப்பட்ட பொது வளம், அவற்றை ஒழுங்குபடுத்தலாம், ஆனால் ஒழுங்குபடுத்தும் அமைப்பு அரசாங்கத்தின் கட்டுப்பாட்டிலிருந்து சுயாதீனமாக இருக்க வேண்டும் என்று அது கூறியது. அரச நிலையங்களையும் தனியார் நிலையங்களையும் வேறுவேறு விதமாக நடத்தியதும் சமத்துவத்துக்கு முரணாகக் காணப்பட்டது. சாதாரண பெரும்பான்மையால் சட்டமூலத்தை நிறைவேற்ற முடியாது, மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு சர்வசன வாக்கெடுப்பும் தேவை என்ற நிலை வந்ததும் அது கைவிடப்பட்டது.

அயல்நாட்டிலும் ஏறக்குறைய அதே காலத்தில் இதே கேள்வி எழுந்தது. 1993இல் வங்காளக் கிரிக்கெட் சங்கம் நடத்திய ஹீரோ கிண்ணப் போட்டிகளை யார் ஒளிபரப்புவது என்று தூரதர்ஷனுடன் தகராறு உண்டானது. கிரிக்கெட்டில் தொடங்கிய வழக்கு, 1995 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒரு பெரிய தீர்ப்பில் முடிந்தது. வானலைகள் பொதுச் சொத்து, அவற்றை அரசாங்கமோ தனியாரோ ஏகபோகமாக வைத்திருக்கக் கூடாது, சுயாதீனமான பொது அமைப்பு ஒன்று ஒழுங்குபடுத்த வேண்டும் என்றது அத்தீர்ப்பு. 1990இலேயே இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றியிருந்த பிரசார் பாரதிச் சட்டம், 1997 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதன் சுயாதீனம் குறித்து அங்கே இன்னும் விவாதம் நடக்கிறது. ஆனாலும் அகில இந்திய வானொலியையும் தூரதர்ஷனையும் நடத்த அவர்களிடம் ஒரு தனி அமைப்பாவது உண்டு. நாமோ 1997இல் தவறான சட்டத்தை நிறுத்தினோம், சரியான சட்டத்தை இன்னும் எழுதவில்லை. 2023இல் ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணைக்குழு ஒன்றுக்கான வரைவு வெளிவந்தபோதும், அதன் உறுப்பினர்களை யார் நியமிப்பது என்ற பழைய கேள்வியே திரும்பவும் எழுந்தது.

பாதுகாப்புக் கேட்பதும் பயப்படுவதும்

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். நானும் அதை யோசித்தேன். 2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பின்னரும், 2020இல் கொரோனாக் காலத்திலும், நம் சமூகத்தைப் பற்றி ஊடகங்களில் எப்படியெல்லாம் பேசப்பட்டது என்பது நம்மில் எவருக்கும் மறக்கவில்லை. நோய்க்கும் மதம் இருப்பதுபோல் செய்திகள் வந்தன. அப்போது கண்டிப்பான ஒரு சட்டம் இருந்திருந்தால் நல்லதல்லவா? அரசாங்கம் தலையிட்டிருக்க வேண்டாமா?

தலையிடுவதற்குச் சட்டம் இருக்கவே செய்தது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. சிறுபான்மையினரைப் பாதுகாக்கப் பயன்பட வேண்டிய அச்சட்டம் யார்மீது பாய்ந்தது என்று பாருங்கள். 2019 மே மாதம் ஹசலகப் பகுதியில் ஒரு முஸ்லிம் பெண், கப்பல் சுக்கான் படம் பொறித்த உடை அணிந்ததற்காகக் கைதானார். அது தர்மச் சக்கரம் என்று தவறாக எண்ணப்பட்டது. அவர் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். 2020 ஏப்ரலில் எழுத்தாளர் றம்ஸி ராசிக், வெறுப்புப் பிரசாரத்தை எழுத்தாலும் சிந்தனையாலும் எதிர்கொள்ள வேண்டும் என்று முகநூலில் எழுதிய பதிவுக்காகக் கைதாகி, ஐந்து மாதங்கள் அளவில் தடுப்பில் இருந்தார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து நட்டஈடும் வழங்க உத்தரவிட்டது. வெறுப்பை எதிர்க்கச் சொன்னவரே வெறுப்பைத் தூண்டியவராகக் காட்டப்பட்டார்.

ஆகவே சட்டம் கண்டிப்பானதா என்று மட்டும் பார்ப்பது போதாது. அதை யார் கையில் கொடுக்கிறோம், அந்தக் கை யாருக்குக் கணக்குக் காட்டும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வலியவரின் கையில் உள்ள வாள் இன்று நமக்காக உயர்ந்தால், நாளை நமக்கு எதிராகவும் உயரும்.

இதே பாடத்தை நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலும் காணலாம். இச்சட்டமூலத்தின் முப்பதுக்கும் மேற்பட்ட பிரிவுகள் திருத்தப்பட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2023இல் தீர்மானித்தது. 2024 ஜனவரி 24ஆம் திகதி, 108 வாக்குகள் சார்பாகவும் 62 வாக்குகள் எதிராகவும் கிடைத்து அது பாராளுமன்றத்தில் நிறைவேறியது. நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் அனைத்தும் சேர்க்கப்படவில்லை என்று எதிர்க்கட்சியினரும் சிவில் அமைப்புகளும் குற்றஞ்சாட்டினர். சான்றுப்படுத்திய சபாநாயகருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்தது. மார்ச் மாதம் அது 75க்கு 117 என்ற வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது. மேலே சொன்ன 80(3)ஆம் உறுப்புரை காரணமாக, அதன்பின் அந்தச் சட்டத்தின் செல்லுபடியைப் பற்றி நீதிமன்றத்தில் கேட்க வழியில்லை. பாராளுமன்றம் தன்னைத்தானே கண்காணிக்கத் தவறினால் பிறகு கேட்பார் இல்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

கணினியும் கணக்கும்

வானலையைப் போலவே இன்று அரசாங்கத்தின் கணினிகளும் பொதுச் சொத்துத்தான். 2023 ஆகஸ்ட் மாத இறுதியில் 'லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்' எனப்படும் அரச மேகக் கணிமைத் தொகுதி, கப்பம் கோரும் தீநிரல் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரச மின்னஞ்சலைப் பயன்படுத்திய ஏறக்குறைய 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான காலப்பகுதியின் தரவுகள் மீளக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. பயன்பாட்டில் இருந்ததோ 2013ஆம் ஆண்டின் பழைய மென்பொருள்.

நாம் செயல்திட்டத்தைக் கணினியில் செய்தால்கூட ஒரு பிரதியைப் பென் டிரைவில் போட்டு வைக்கிறோம். மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட அரச மின்னஞ்சல்கள் எப்படிக் காணாமற்போயின? மென்பொருளைப் புதுப்பிக்காமல் விட்டது யாருடைய முடிவு? இவை தொழில்நுட்பக் கேள்விகள் போலத் தோன்றினாலும் உண்மையில் கணக்குக் கேட்கும் கேள்விகள்.

கணக்குக் கேட்கும் பொறுப்பைப் பாராளுமன்றத்தின் இரண்டு குழுக்கள் செய்கின்றன. 1921இலிருந்து இயங்கும் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு, அதாவது கோபா, அமைச்சுகளையும் திணைக்களங்களையும் விசாரிக்கிறது. 1979இல் உருவான அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு, அதாவது கோப், கூட்டுத்தாபனங்களையும் சபைகளையும் விசாரிக்கிறது. ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமும் ரூபவாஹினியும் கோப் குழுவின் எல்லைக்குள் வருபவை. கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, நிறுவனத் தலைவர்களை அழைத்துக் கேள்வி கேட்பதே இக்குழுக்களின் வேலை. முன்பு மூடிய அறைக்குள் நடந்த கூட்டங்கள் அண்மைய ஆண்டுகளில் ஊடகவியலாளர்களுக்கும் திறந்துவிடப்பட்டதால், மக்களும் இக்குழுக்களின் பெயரை அறிந்தார்கள்.

ஆனால் இவற்றின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். குழு கேள்வி கேட்கலாம், சிபாரிசு செய்யலாம். தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அது கேட்பதும் பெரும்பாலும் நடந்து முடிந்த செலவைப் பற்றியே. பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பைப் பற்றி விசாரிப்பது போன்றது அது.

இது ஏன் நமக்கு முக்கியம்? சாதாரண தரப் பரீட்சைக்கு முன் பாடசாலை வழியாக விண்ணப்பித்து நாம் தேசிய அடையாள அட்டை பெற்றோம். இனி இந்திய நிதியுதவியோடு டிஜிட்டல் அடையாள அட்டை வரவிருக்கிறது. முகம், விரல்ரேகை, கண்விழி ஆகிய விவரங்கள் அதில் சேரும். கடவுச்சொல் திருடப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம். விரல்ரேகை திருடப்பட்டால் எதை மாற்றுவது? தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம் 2022இல் நிறைவேறியபோதும் அதன் முக்கிய பகுதிகள் உடனே நடைமுறைக்கு வரவில்லை. அட்டை வரும் முன்னர் காவல் வர வேண்டும். அதைக் கேட்க வேண்டிய இடம் பாராளுமன்றம், கேட்கச் சொல்லித் தூண்ட வேண்டியவர்கள் நாம்.

நாம் செய்யக்கூடியவை

வாக்களிக்கும் வயது இன்னும் வராத நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். முதலாவது, தகவல் அறியும் உரிமை. 2015இல் 19ஆம் திருத்தத்தின் மூலம் அது அடிப்படை உரிமையானது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அரச நிறுவனம் எதற்கும் தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம். ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் நிறுவனம் தன் முடிவை அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதன் பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. முஸ்லிம் சேவைக்கும் தமிழ்ச் சேவைக்கும் கடந்த பத்து ஆண்டுகளில் வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் ஒதுக்கப்பட்டது, அதற்கு எவ்வளவு செலவானது, கூடியது எப்போது, குறைந்தது எப்போது? நம் கல்லூரியின் ஊடகக் கழகமோ தமிழ் மன்றமோ ஒரு தாளில் எழுதி அனுப்பக்கூடிய கேள்விகள் இவை.

இரண்டாவது, வர்த்தமானியை வாசிக்கும் பழக்கம். சட்டமூலங்கள் மூன்று மொழிகளிலும் வெளிவருகின்றன. கதவு சில நாட்களே திறந்திருக்கும் நாட்டில், கதவு திறந்திருப்பதை அறியாதவர் உள்ளே போக முடியாது. 1997இல் மனுச் செய்தவர்கள் வெற்றிபெற்றதற்கு முதற்காரணம், அவர்கள் உரிய நேரத்தில் வாசித்தார்கள் என்பதே.

மூன்றாவது, பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் ஊடாகப் பொதுமனுக் கொடுக்கும் வழியும் உண்டு. பொது மனுக்கள் பற்றிய குழு அதை ஆராயும். நம் மாவட்டத்து உறுப்பினர்களிடம் வீதி விளக்குக்கும் வடிகானுக்கும் மனுக் கொடுப்பவர்கள் நம் அயலில் இருக்கிறார்கள். வானொலிக்கும் தரவுப் பாதுகாப்புக்கும் மனுக் கொடுத்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அமானிதம் என்ற சொல்லை நாம் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள். ஒப்படைக்கப்பட்ட பொருளுக்குச் சொந்தக்காரர் வேறு, காப்பவர் வேறு. காப்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சொந்தக்காரர் கேட்கும்போது பதில் சொல்லியாக வேண்டும். வானலை மக்களுடையது, அமைச்சரிடம் இருப்பது அமானிதம். நம் விரல்ரேகையும் நம்முடையது, கணினித் தொகுதியிடம் இருப்பது அமானிதம். அதற்குக் கணக்குக் கேட்பது அரசாங்கத்தோடு சண்டை பிடிப்பது ஆகாது. சொந்தக்காரர் செய்ய வேண்டிய சாதாரண வேலை அது. சகோதரிகளே, அடுத்த தவணையில் நம் மன்றத்தின் பெயரில் முதல் விண்ணப்பத்தை எழுதுவோமா?